பை பிடிக்க ஓர் ஆள்

கெங்கம்மா லூப் ரோட்டில் மீன் விற்கிறார். மந்தைவெளியிலிருந்து போய் நான் சங்கரா கேட்டால், அவர் வஞ்சிரத்தை என் தலையில் கட்டப் பார்ப்பார். வாய் அதிகம். சந்தையே கூச்சல் போட்டாலும் அவர் குரல் தனியாகக் கேட்கும். அப்படிப்பட்டவரைக் கேமரா முன்னால் மட்டும் நிறுத்தவே முடியாது.

கூச்சம் என்றால்கூட ஒப்புக்கொள்ளலாம். அவர் சொல்லும் காரணம் பை. கோயிலோ, பீச்சோ, பிறந்தநாளோ, குடும்பம் வரிசையாக நின்றதும் எல்லாருடைய கைப்பையும் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் இவரிடம் வந்துவிடும். "நீங்க நில்லுங்க, நான் புடிச்சிக்கிறேன்." யாரும் வற்புறுத்தி அழைத்ததில்லை. பையைத் தரையில் வைக்கலாமே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்குப் பார்க்க எரிச்சலாக வரும்.

போன தை மாதம் மகள் அஸ்வினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அவளையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மண்டப வாசலில் கட்டும் பேனர் அண்ணன் கிஷோரின் பொறுப்பு. அவன் தன் போனிலிருந்த குடும்பப் படங்களை அப்படியே பேனர் கடை முதஸ்ஸிருக்கு அனுப்பி, "நீயே பாத்து போட்டுக்கோ பாய்" என்று கைகழுவிவிட்டான்.

முதஸ்ஸிர் பார்த்துத்தான் போட்டிருந்தார். எந்தப் படத்திலும் அஸ்வினியின் தோளில் கை போட்டு நின்றவர் பக்கத்து வீட்டு எஸ்தர். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது. அஸ்வினி என்றால் உயிர். வரவேற்பன்று சாயங்காலம் நான் போனபோது, வாசல் பேனரில் அப்பா பாண்டுரங்கனுக்குப் பக்கத்தில் எஸ்தரின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'கெங்கம்மா' என்று இருந்தது.

"இன்னா நைனா, எங்களாண்ட சொல்லவே இல்ல?" என்று கிஷோரின் நண்பர்கள் பாண்டுரங்கனை ஓட்டினார்கள். எஸ்தர் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் கெங்கம்மாதான்.

"எஸ்தரு, பொண்ண அனுப்பறப்போ நீதான் அழுவணும், ஆமா!"

தகவல் கேட்டு முதஸ்ஸிர் ஓடிவந்தார். "அம்மா போட்டோ ஒண்ணு குடுங்க. மூஞ்சிய மட்டும் மாத்தி ஒட்டிடறேன்."

ஆளாளுக்குப் போனை எடுத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார்கள். கிஷோரின் போனில் தெரு நாய் இருந்தது, பைக் இருந்தது, அம்மா இல்லை. ஒரு பீச் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கையும் அதில் தொங்கும் பையும் அகப்பட்டன.

"ஆதார் கீதே" என்றான்.

"அத்த பாத்துட்டு பேங்க்காரனே நான் இல்லன்னுட்டான்" என்றார் கெங்கம்மா. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அலங்காரத்தோடு வந்து நின்ற அஸ்வினியும் தன் போனைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவளிடமும் இல்லை. "யம்மா, அங்க போய் நான் இன்னாத்த பாத்துக்கினு இருப்பேன்?"

"போன் பண்ணு, மூஞ்சி தெரியும். போய் மேடையில நில்லு, வேலை கீது."

அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் கடலூர்ப் பெரியம்மா. பெண் வீட்டாரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். பேனரைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார். பக்கத்தில் வழக்கம்போல் வீட்டார் பைகளோடு நின்ற கெங்கம்மாவிடம், "இதையும் கொஞ்சம் புடிம்மா" என்று தன் பையைக் கொடுத்துவிட்டு, "சம்பந்தி!" என்று எஸ்தரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

கெங்கம்மா பையை வாங்கிக்கொண்டார், பழக்கதோஷம். பிறகுதான் அவர் முகம் மாறியது. கடையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியும் கலங்காதவர் அவர்.

"நான் இல்லீங்க, அவங்கதான் அம்மா" என்று எஸ்தர் திணறினார்.

கெங்கம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை. நேரே புருஷனிடம் போய், தோளில் இருந்ததையும் கையில் இருந்ததையும் ஒவ்வொன்றாக அவர் மேல் மாட்டினார். "புடி." பாண்டுரங்கன் வாங்கிக்கொண்டார். கெங்கம்மா மகளை ஒரு கையிலும் எஸ்தரை மறு கையிலும் இழுத்துக்கொண்டு மேடை ஏறினார். போட்டோக்காரரைப் பார்த்து "எடுப்பா!" என்று அவர் போட்ட சத்தம் சாப்பாட்டுக் கூடம் வரை கேட்டது.

போன வாரம் சங்கரா வாங்கப் போனேன். மஸ்கட் வீட்டில் மாட்டிவைத்திருக்கும் அந்த மேடைப் படத்தை அஸ்வினி அனுப்பியிருந்தாள். கெங்கம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மாப்பிள்ளை, கிஷோர், எஸ்தர், நடுவில் மகளை அணைத்தபடி இவர்.

"உங்க வீட்டுக்காரரைக் காணோமே?" என்றேன்.

"கீறாரே, ஓரமா பாரு சார்."

விரல் வைத்துக் காட்டினார். படத்தின் விளிம்பில் ஒரு முழங்கை தெரிந்தது. அதில் கடலூர்ப் பெரியம்மாவின் பை தொங்கியது.