ஒரு ஆளுக்கான ரைஸ் குக்கர்

போன செவ்வாய்க்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ரசத்துக்குக் கை குவித்திருந்தேன். கடைக்கார அக்கா பக்கத்து மேசைக்குக் கீழே கொசுவத்தி ஒன்றைக் கொளுத்தி வைத்தார். புகை மெல்ல மேலே ஏறி மூக்குக்கு வந்தது... அவ்வளவுதான். ரசம் விரலிடுக்கில் ஒழுகிப்போக, நான் பொந்தியான் கடற்கரையில் இருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முந்தைய கதை. என் மனைவி மாலதிக்கு அலுவலகத்தில் பதவி உயர்வு. கிளை மேனேஜர்! ஆனால் கிளை இருப்பது ஜொகூர் பாருவில். நாங்கள் இருப்பது கிள்ளானில். இரண்டு வருடம் அங்கே இருக்க வேண்டும். தங்குவதற்கு அலுவலகமே ஒரு சின்ன அபார்ட்மென்ட் கொடுத்திருந்தது. சம்மதம் என்றால் திங்கட்கிழமை காலை போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ‘வேண்டாம்’ என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

“யோசிக்கிறேன்” என்றாள். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் முடிவெடுத்துப் பார்த்திருக்கிறேன், யோசித்துப் பார்த்ததில்லை.

நெடுஞ்சாலையில் போனால் நாலு மணி நேரம். நான் மூன்று நாள் கேட்டேன். “கடலோரமாவே போவோம். கூடாரம் போட்டுத் தங்குவோம். ஊரைப் பார்த்துட்டு முடிவு பண்ணு.”

உள்ளே இருந்த திட்டம் வேறு. கடல், காற்று, காரில் பழைய பாட்டு, பக்கத்தில் நான் — இத்தனையையும் விட்டுவிட்டு யாராவது வேலைக்குப் போவார்களா?

போர்ட்டிக்சனில் மழை. கூடாரம் ஒழுகியது. மாலதி தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு சிரித்தாள். மறுநாள் மூவாரில் ஆறு, ஒரு அவசரமும் இல்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“பாரு, எவ்ளோ மெதுவா போகுது” என்றேன்.

“ஆனா போகுதுல்ல?” என்றாள்.

பொந்தியான் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். சேறும் சிப்பியுமாய் ஒரு கரை. வெயில் பழுத்து, காம்பு விட்டு, கடலில் விழத் தயாராக இருந்தது. கொசு என்றால் கொசு... சுற்றிலும் நாலு கொசுவத்தி ஏற்றி, நடுவில் நான் கூடாரக் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் செமினியிலிருந்து மனைவியோடு வந்தவர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“பாஸ், கூடாரம் கட்டுறீங்களா, கல்யாணப் பந்தல் போடுறீங்களா? முகூர்த்தம் தாண்டிடும் லா!”

கோபத்தில் அடுப்பைத் தேடிக் காரின் பின்கதவைத் திறந்தேன். அடியில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே — ரைஸ் குக்கர்! மின்சாரத்தில் ஓடுவது!

“மாலதி! பிளக்கை எங்க சொருகப் போற? நண்டு ஓட்டையிலயா?”

ஊரே சிரிக்கிற மாதிரிதான் கேட்டேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. செமினிக்காரர் எழுந்து வந்தார்.

“பிளக்தானே பாஸ்? என்கிட்ட பெரிய பேட்டரி இருக்கு. வீட்டுக்காரம்மாவுக்கு ஃபேன் இல்லாம தூக்கம் வராது, அதுக்காகத் தூக்கிட்டு வந்தேன்.” குக்கரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “என்னக்கா, இவ்ளோ சின்னதா இருக்கு?”

“புது வீட்டுக்கு வாங்கினதுண்ணே. ஒரு ஆளுக்கு இது போதும்.”

ஒரு ஆளுக்கு.

நாங்கள் கிள்ளானை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கியிருக்கிறாள். பாவம், இந்தக் கடலும் காற்றும்... இரண்டு நாளாக எனக்காக வாதாடிக்கொண்டிருந்தன.

அவர் பேட்டரி எடுக்கப் போனதும் கேட்டேன். “அப்ப, முடிவு பண்ணிட்ட?”

“பண்ணிட்டேங்க.”

“அப்புறம் எதுக்கு மூணு நாள்?”

“நீங்க வாயைத் திறந்து ‘போ’ன்னு சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா ரெண்டு நாளா அலையைப் பத்தியே பேசுறீங்க.” அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள். “மலை ஏறப் போறேன், எழுதப் போறேன்னு எத்தனை தடவை கிளம்பியிருப்பீங்க? ஒரு தடவையாவது மூஞ்சியைத் தூக்கி வச்சேனா? பையை எடுத்துக் குடுத்தேன்ல?”

கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும்.

கிளம்புகிறவர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு பை இருக்கிறது. வழியனுப்புகிறவர்களுக்குக் கை சும்மா தொங்குகிறது. அந்தச் சும்மா தொங்கும் கை எவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாழ்நாளெல்லாம் பை தூக்கியே பழகியவன்.

சோறு வெந்தது. ஆளுக்கு நாலு கவளம், நெத்திலிச் சம்பலோடு.

“ரெண்டு பேருக்கு இது பத்தலையே” என்றேன்.

“நீங்க வர்றப்ப ரெண்டு தடவை வைப்பேன்.”

தொண்டையைச் செருமிக்கொண்டேன். “சரி... போ!” கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. செமினிக்காரர் பதறித் திரும்பினார்.

“என்ன பாஸ், சண்டையா?”

“இல்லண்ணே, புரமோஷன்!” என்றாள் மாலதி. அந்த மூன்று நாளில் அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜொகூர் பாரு. பெட்டிகளை எட்டாவது மாடியில் ஏற்றி வைத்தேன். குழாய் ஒழுகுகிறதா, சன்னல் பூட்டுகிறதா — பார்க்க வேண்டியதை எல்லாம் இரண்டு தடவை பார்த்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றான பிறகு காரை எடுத்தேன். வழியனுப்ப மாலதியும் கேட் வரை வந்தாள். அங்கே காவலுக்கு நின்றவர் ஒரு நோட்டையும் பேனாவையும் நீட்டினார்.

“பாஸ், வர்றப்ப பேர் எழுதலையே. நீங்க இங்க குடியிருக்கிறவரா, விசிட்டரா?”

பேனாவைத் திறந்தேன். என்ன எழுதுவது?

மாலதி குனிந்து, என் கையிலிருந்து பேனாவை வாங்கி அவரிடமே கொடுத்தாள். “விசிட்டர் இல்லண்ணே, என் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமையானா வந்துடுவாரு, முகத்தைப் பார்த்து வச்சுக்குங்க.” பிறகு கார் சன்னலில் கை வைத்து, என்னிடம் கேட்டாள். “வருவீங்கல்ல?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரு இருக்கிறது? வியாழக்கிழமையே வரேன்.”