ஒரு கார்டுக்கு ஒரு பாட்டில்

கேன்டீனுக்கு ஒயின் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று ஒரு டிசம்பர் மாதம் நான் தவித்த தவிப்பை என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். குடித்துவிட்டு வருகிற அப்பன்களைப் பள்ளிக்கூட கேட்டிலேயே நிறுத்தி வைத்துத் திட்டுகிற டீச்சர் என்று நெய்வேலியில் எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் உண்டு. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலைக்குச் சேர்ந்து பெர்மனென்ட் ஆனவர். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு கார்டு கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோனால் கடலூரில் மிலிட்டரி கேன்டீனில் சோப்பு, மிக்ஸி எல்லாம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சோப்புக்காக எந்த ஆம்பளையும் வடலூரில் பஸ் மாறி அவ்வளவு தூரம் போக மாட்டான். ரம் எப்போதும் இருக்கும். ஒயின் அப்படி இல்லை. நாலு மாசத்துக்கு ஒரு தரம், அஞ்சு மாசத்துக்கு ஒரு தரம் லோடு வரும். வெளிக்கடை விலையில் பாதிகூட இருக்காது. ஒரு கார்டுக்கு ஒரு பாட்டில்தான். வந்த அன்றைக்கே தீர்ந்துவிடும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எட்டு வீடு. எட்டும் எட்டு ஊர்ச் சனம். கிறிஸ்துமஸ் அன்று மதியம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கேக் ஒரு துண்டு, ஒயின் ஒரு மடக்கு. ஒரே ஒரு பாட்டிலை இருபத்தாறு பேருக்கு ஊற்ற வேண்டும் என்பதால் அந்த மடக்கும் பெரிய மடக்கு இல்லை. சின்ன எவர்சில்வர் டம்ளரின் அடி நனையும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அக்கா சுத்த சைவம். அவரும் மூக்கைச் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டு, "எம்மா, இது இருமல் மருந்து மாரில்லா இருக்கு" என்பார். அடுத்த வருஷம் அவர்தான் முதல் ஆளாக வந்து நிற்பார். வேலைக்குச் சேர்ந்து இந்தக் குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷத்திலிருந்து இப்படித்தான் நடந்தது.

அதை நிறுத்தியது நான். என் வீட்டுக்காரர் ரம் குடிப்பார். முதலில் மாசம் ஒரு நாள், பிறகு வாரம் ஒரு நாள், பிறகு ஷிப்ட் முடிந்த நாளெல்லாம். அடித்ததில்லை, கத்தியதும் இல்லை. குடித்தால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தச் சும்மா இருப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அழுதேன், சாப்பாடு போடாமல் இருந்தேன், கடைசியில் சேத்தியாத்தோப்பில் என் அண்ணன் வீட்டுக்குப் போய் இருபது நாள் உட்கார்ந்துவிட்டேன். தேடி வந்தார். நேராக மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், இனி தொடுவதில்லை என்று சொன்னார். நான் என் பங்குக்கு ஒரு சட்டம் போட்டேன். இனி நம் வீட்டுக்குள் பாட்டில் என்று ஒன்று வரக் கூடாது, கிறிஸ்துமஸ் ஒயின்கூட. தலையை ஆட்டினார்.

அதோடு விட்டேனா? பண்ருட்டியில் அவருக்கு ஒரு பட்டாளத்துச் சிநேகிதர். என் வீட்டுக்காரர் கார்டுக்கு உள்ள ரம் கோட்டாவில் பங்கு கேட்டு மாசா மாசம் வருகிற ஆள். வாசலிலேயே நிறுத்தி, "இனிமே இந்தப் படி ஏறாதீங்க, உங்களாலதான் இந்த மனுஷன் கெட்டது" என்று தெருவே கேட்கச் சொன்னேன். அந்த மனிதர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் டம்ளரில் திராட்சை ஜூஸ் ஊற்றினேன். எல்லோரும் மரியாதைக்குக் குடித்தார்கள். திருநெல்வேலி அக்கா மட்டும், "போன தடவ இருமல் நின்னுச்சு, இந்த தடவ சளிதான் பிடிக்கும்" என்றார். சிரித்து மழுப்பினேன்.

மூன்றாம் வருஷம். அடுத்த மே மாதம் அவருக்கு ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அது இங்கே எல்லோருக்கும் உள்ளது. நாம் வைத்த மாமரம், நாம் போட்ட கொடிக்கம்பி, எல்லாவற்றையும் வேறொருவருக்கு விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சேத்தியாத்தோப்பில் ஒரு சின்ன வீடு கட்டி வைத்திருந்தோம். ஆக, இந்த வரிசையில் இதுதான் எங்களுக்குக் கடைசி கிறிஸ்துமஸ்.

அந்த இரண்டு வருஷமும் எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. போன் வந்தால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசுவார். "யாரு?" என்றால், "கூட வேலை பாக்கறவன்" என்பார். லீவு நாளில் திடீரென்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், இருட்டுவதற்குள் வந்துவிடுவார். ஒரு நாள் நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது, சமையலறையில் ஒரு பழைய பாட்டிலில் தண்ணீரை நிரப்பி எங்கள் எவர்சில்வர் டம்ளர்களில் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தார். "சும்மாம்மா, டம்ளர் ஓட்டையான்னு பாத்தேன்" என்றார். இதைவிட நல்ல பொய் இந்த மனுஷனுக்கு வராது. கை பழக்கம் விடவில்லை, தண்ணீரை வைத்துக்கொண்டாவது விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை. அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போயிருந்தார். எப்படியும் காலி செய்யப்போகிறோமே, இப்போதே கொஞ்சம் கழித்துக் கட்டலாம் என்று பரணில் இருந்த அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பூட்டு இல்லை. மேலே பட்டாளத்துக் கம்பளிச் சட்டைகள். எடுத்தால் கனத்தது. ஒவ்வொரு சட்டைக்குள்ளும் குழந்தையைச் சுற்றுவது போல் சுற்றி, ஒரு பாட்டில். ஐந்து.

மாதா கோயிலில் சொன்னதும் பொய், தோட்டத்தில் பேசியதும் பொய், எல்லாம் பொய். அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டுக் கத்தினேன். ஐந்தையும் மடியில் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய், முதல் பாட்டிலின் மூடியைத் திருகினேன். டக் என்று சீல் உடைந்தது. மாமரத்தடியில் கவிழ்த்தேன். அடுத்தது, டக். அடுத்தது, டக். ஐந்து தடவை என் கையில் சீல் உடைந்தது. ஐந்து தடவையும் என் கைக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. மண் சிவப்பாக நுரைத்து, உறிஞ்சிக்கொண்டது. காலி பாட்டில்களை மூடிகளோடு சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று.

இரண்டரை மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றினார், நிமிர்ந்தார், பார்த்தார். நான் பேச ஆரம்பித்து என்னென்னவோ பேசினேன். அவர் மேசையில் கிடந்த மூடியில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீலெல்லாம் நீதான் உடைச்சியா?"

"ஆமா, நான்தான் உடைச்சேன்."

"அஞ்சும்?"

"அஞ்சும்தான்!"

"அப்ப நான் குடிக்கலன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணுமேம்மா" என்றார்.

அவ்வளவுதான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

குளித்துவிட்டு வந்த பிறகு, நான் கேட்காமலே சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "இத்தினி வருஷமா நம்ம வரிசைக்கு ஒரு மடக்கு ஒயின்தான் குடுத்துகினு இருந்தோம். போறப்ப ஒரு தடவையாச்சும் டம்ளர் நெறைய குடுக்கணும்னு நெனச்சேன். தண்ணி ஊத்தி அளந்து பாத்தேன், அஞ்சு பாட்டிலு சரியா வரும். கார்டுக்கு ஒண்ணுதான் தராங்க, அதான் ரெண்டு வருஷம் ஆயிப்போச்சு. சொன்னா நீ வேணாம்பே. அன்னிக்கு எல்லாரும் வந்தப்புறம் எடுத்தா நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்."

ரிட்டயர்மென்ட் எந்த மாதம் என்று தெரிந்ததிலிருந்து அவர் ஒவ்வொரு லோடாகக் காத்திருந்து சேர்த்ததை நான் கால் மணி நேரத்தில் மாமரத்துக்கு ஊற்றிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பிள்ளைகளை முட்டி போடச் சொல்லிப் பழகிய வாய், வேறொன்றும் தெரியாது. "சரி, கிறிஸ்துமஸுக்கு முன்னால லோடு வருமில்ல, ஒண்ணாவது வாங்கிடலாம்" என்றேன். "வேணாம் விடு. ஜூஸே ஊத்து" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து லோடுக்குக் காத்திருந்தவள் நான். யாரிடம் கேட்பது? பண்ருட்டிக்காரரை விட்டால் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் போனிலிருந்து நம்பரை எடுத்து, இடைவேளையில் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைப் பக்கம் நின்று அழைத்தேன். நான் தோட்டத்துப் பேச்சைத் திட்டியவள், ஞாபகம் இருக்கட்டும். "இன்னும் வரலம்மா" என்றார். அடுத்த நாளும் அழைத்தேன், அதற்கடுத்த நாளும். "நீ தினம் போன் பண்ணா லாரி சீக்கிரமாவா வரும்? வந்தா நானே சொல்றேன்" என்றார். படி ஏறாதே என்றதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி காலையில் போன் வந்தது. என் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார். கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கேன்டீன் வாசலில் நீளமான வரிசை, எல்லாம் நரைத்த மீசைகள். நடுவில் காட்டன் புடவையும் கைப்பையுமாக நான் ஒருத்தி. கேக் செய்யவா டீச்சர் என்று ஒருவர் கேட்டார். எப்படித்தான் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதோ, டீச்சர் என்று. ஒரு மணி நேரம் நின்று கவுன்டரை அடைந்தால், "சாராயமெல்லாம் கார்டுக்காரர் நேர்ல வந்தாத்தான்மா. நீங்க மளிகை வேணா வாங்கிக்குங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது விதி, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வேப்பமரத்தடியில் வந்து நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வெட்கமாக இருந்தது, கேவலம் ஒரு பாட்டிலுக்கு.

பண்ருட்டிக்காரர் பையோடு வந்தார். அதிலிருந்து ஒரு ஒயின் பாட்டிலை எடுத்து என் கைப்பைக்குள் அவரே வைத்தார். "என் கார்டுல வாங்கினது. நம்ம கிறிஸ்துமஸ் பரிசு" என்றார்.

"அண்ணே, அன்னிக்கு நான் பேசினது..."

"அத வுடும்மா. ஒண்ணு சொல்றேன் கேளு. லோடு வந்தா அஞ்சு தடவையும் அவனுக்குச் சொன்னது நான்தான். இதே வரிசையில வந்து நிப்பான். ஒயின் ஒண்ணு வாங்குவான், ரம்மு பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டான். நாங்கல்லாம் கிண்டல் பண்ணுவோம். 'மாதாகிட்ட சொல்லிட்டேன்டா'ன்னு சிரிச்சிகினு போயிடுவான்."

ரம் குடிக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. வடலூர் வரும்வரை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். அவர் சத்தியத்தைக் காப்பாற்றினாரா என்று இரண்டு வருஷம் வேவு பார்த்தேனே தவிர, ஒரு நாளாவது நம்பினேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அதுதான் உண்மை.

கிறிஸ்துமஸ் மதியம் எட்டு வீடும் வந்துவிட்டது. எல்லோருக்கும் இது கடைசி என்று தெரியும், அதனால் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பி என் கையிலேயே கொடுத்தார்.

"நீயே உடை டீச்சர். உனக்குத்தான் நல்ல பழக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே. நானும் சிரித்தேன். திருகினேன். டக் என்றது. இந்த முறை என் காதிலும் விழுந்தது.

அவர்தான் ஊற்றினார். வழக்கம் போல ஒரு மடக்கு, அடி நனைகிற அளவு. திருநெல்வேலி அக்கா குடித்துவிட்டு, "ஆங், இதுதான் மருந்து" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடிந்த பிறகு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்னொரு டம்ளரை எடுத்து அதில் கவிழ்த்தார். விளிம்பு வரை வந்தது. சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார்.

"இருபத்தாறு பேருக்கு நெனச்சேன். ஒரு ஆளுக்குத்தான் வந்துச்சு" என்றார்.

நான் அன்றைக்கும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எட்டு வீடும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஊற்றியதை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.