விழித்திருக்க விரும்பிய செஃபெரினா

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று பெண்கள் டாக்டர் சொன்னபோது செஃபெரினாவின் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரி நான்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். ஒன்றரை வருடமாக மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. இரண்டு முறை தையல் இயந்திரத்தின் மேலேயே மயங்கிச் சாய்ந்திருக்கிறாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் சின்ன முலாம்பழம் அளவுக்குக் கட்டி. வேறு யாராக இருந்தாலும் உயிருக்கு ஆபத்தா, எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"மயக்க மருந்து யார் குடுப்பாங்க, டாக்டர்?"

"டாக்டர் மிர்னாதான். இந்த ஆஸ்பத்திரிக்கு அவங்க ஒருத்தர்தானே இருக்காங்க."

செஃபெரினா கைப்பையைப் பட்டென்று மூடினாள். வெளியே ஆரஞ்சு மரத்தடிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தெல்மீரா, அவ கையால நான் கண்ண மூடணுமாம். கேட்டியா அநியாயத்த?"

எங்கள் ஆற்றங்கரை ஊரான புவெர்த்தோ யாசியில் இதற்கு விளக்கம் யாருக்கும் தேவைப்படாது. நானே கன்செப்சியோன் நகரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். வந்த முதல் மாதத்திலேயே எனக்கும் சொல்லிவிட்டார்கள். செஃபெரினாவின் கணவர் சிந்துல்ஃபோ, படகு இயந்திரம் பழுது பார்ப்பவர், இளவயதில் இரண்டு வருடம் மிர்னாவைக் காதலித்தார். ஊர்த் திருவிழா நடனத்தில் அவர்கள் ஜோடியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். மிர்னா டாக்டருக்குப் படிக்கத் தலைநகர் அசுன்சியோனுக்குப் போனாள். கடிதங்கள் குறைந்தன, பிறகு நின்றன. சிந்துல்ஃபோ செஃபெரினாவைக் கட்டிக்கொண்டார். பதினாறு வருடம் கழித்து மிர்னா கல்யாணம் ஆகாமலே, மயக்க மருந்து டாக்டராக ஊருக்குத் திரும்பி வந்தாள்.

அன்றிலிருந்து செஃபெரினாவுக்கு நிம்மதி போயிற்று. மிர்னா ஞாயிறு காலைப் பூசைக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் இவள் குடும்பத்தையே சனிக்கிழமை மாலைப் பூசைக்கு மாற்றினாள். கணவர் புதுச் சட்டை போட்டால் எங்கே என்று கேட்பாள். போடாவிட்டால், "எனக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னுதானே இந்தக் கிழிசல்?" என்பாள். அந்த மனிதர் பாவம், ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடந்ததைத் தவிர நான் வேறு எதையும் பார்த்ததில்லை. அதைச் சொன்னால், "உனக்குப் புருஷன் இருந்தா தெரியும்" என்று என் விதவைக்கோலத்தையே குத்திக்காட்டுவாள். கோபம் வரும். அடுத்த நாள் சூடான சிப்பா ரொட்டியை வேலிக்கு மேலே நீட்டுவாள், வாங்கிக்கொள்வேன்.

அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னால் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போனாள். கணவரை வீட்டிலேயே நிறுத்திவிட்டாள்.

மிர்னா மெலிந்தவள். நரைத்த முடியைச் சாயம் போடாமல் ஒட்ட வெட்டியிருந்தாள். அதுவே செஃபெரினாவுக்கு ஏமாற்றம் என்று நினைக்கிறேன். பூசி மினுக்கிக்கொண்டு இருந்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

"வாங்க, ஞா செஃபெரினா. உட்காருங்க" என்றாள் மிர்னா, வயதில் மூத்தவளை அழைக்கும் 'ஞா' என்ற மரியாதையோடு. இவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வயது.

மிர்னா நிதானமாக விளக்கினாள். வழி இரண்டு. ஒன்று முழு மயக்கம்: மூச்சுக்குழாயில் குழாய் வைப்பார்கள், எழும்போது எல்லாம் முடிந்திருக்கும். இன்னொன்று முதுகில் ஊசி: இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆள் விழித்திருக்கலாம், வெட்டுவது வலிக்காது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும்.

"உங்க கட்டி பெரிசு. நேரம் பிடிக்கும். அதனால முழு மயக்கம்தான் உங்களுக்கு வசதின்னு எனக்குத் தோணுது. ஆனா முடிவு உங்களோடது."

"முதுகுல ஊசி போடுங்க."

"அவசரமில்ல, யோசிச்சு..."

"யோசிச்சாச்சு டாக்டரம்மா. நான் முழிச்சிட்டுத்தான் இருக்கணும்."

 மிர்னா தாளைப் புரட்டி வரிசையாகக் கேட்டாள். ஆஸ்துமா உண்டா, பல் கட்டியிருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது.

"உங்க ரத்த சொந்தத்துல யாருக்காவது மயக்க மருந்தால கெடுதல் வந்திருக்கா? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லன்னா இல்ல."

திரும்பி நடக்கும்போது என்னிடம் மனசைத் திறந்தாள். "நான் தூங்கிட்டா அவ வெளிய போவா. வெளிய பெஞ்சுல என் புருஷன் உட்கார்ந்திருப்பான். 'கவலப்படாதீங்க சிந்துல்ஃபோ'ன்னு தோள்ல கை வைப்பா. நான் பொணமாட்டம் உள்ள கிடப்பேன். வேண்டாண்டி. முழிச்சிருந்தா அவ எங்க நிக்கிறான்னாவது தெரியும்."

சிரிப்பு வந்தது எனக்கு. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கும் உண்டு. இரண்டு நாள் கழித்து ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்பக்கத்துப் பெஞ்சில் சிந்துல்ஃபோவும் மிர்னாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். அவள் எழுதிக்கொண்டாள். ஒரு இடத்தில் அவர் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. நேரே செஃபெரினாவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் சந்தேகம். 'உனக்குப் புருஷன் இருந்தா தெரியும்' என்ற பேச்சு எங்கோ ஒரு மூலையில் உறுத்திக்கொண்டிருந்ததோ என்னவோ.

அவள் கத்தவில்லை. கத்தரிக்கோலைத் துணிமேல் வைத்தாள். "அழுதானா?" என்று கேட்டாள்.

"கண்ணத் தொடச்ச மாதிரி இருந்துச்சு."

"இருபத்தி மூணு வருஷத்துல என் முன்னாடி ஒரு நாள் அழுததில்ல, தெல்மீரா. அவங்கம்மா செத்தப்பகூட ஆத்தங்கரையில போய் நின்னுட்டு வந்தான். அவ முன்னாடி அழுதிருக்கான்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். செம்மண் பாதையில் வெயில் கொளுத்தியது, ஊரே மதியத் தூக்கத்தில் இருந்தது. ரத்தசோகைக்காரி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க நானும் பின்னாலேயே ஓடினேன்.

மிர்னா தன் அறையில் மரவள்ளிக்கிழங்கும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என் புருஷன்கிட்ட உனக்கு என்ன பேச்சு?" என்றாள் செஃபெரினா. டாக்டரம்மா, நீங்க, எல்லாம் வாசலோடு போய்விட்டது.

மிர்னா தட்டை நகர்த்தினாள். "அவரா வந்தாரு. உன் தம்பியப் பத்திச் சொல்ல வந்தாரு."

செஃபெரினாவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது.

"வில்ஃப்ரிதோ. பத்தொன்பது வயசு. குடல்வால் ஆப்பரேஷன். மயக்கம் குடுத்த கொஞ்ச நேரத்துல தாடை பூட்டிக்கிச்சு, உடம்பு கட்டையா விறைச்சு நெருப்பாக் கொதிச்சிச்சு. அன்னைக்குச் சாயங்காலமே போயிட்டான். நான் கேட்டப்ப ஏன் இல்லன்னு சொன்ன?"

"அது காய்ச்சல். குடல் வெடிச்சு வந்த காய்ச்சல்னு அப்பவே சொன்னாங்க."

"அப்ப அப்படித்தான் நெனச்சாங்க. இது ரத்தத்துல வர்றது, செஃபெரினா. சில குடும்பங்கள்ல சில மயக்க வாயு ஒத்துக்கவே ஒத்துக்காது. நீ மனச மாத்தி முழு மயக்கம் கேட்டிருந்தா நான் அந்த வாயுவத்தான் குடுத்திருப்பேன். உன் தம்பி போன வழியில நீயும் போயிருக்கலாம்."

இதெல்லாம் எனக்கே அப்போதுதான் தெரியும். அவளுக்கு ஒரு தம்பி இருந்து இளவயதில் செத்தான் என்பதற்கு மேல் அவள் எனக்குச் சொன்னதில்லை.

செஃபெரினா உட்கார்ந்தாள். "அவன் சாவ உன்கிட்ட சொல்லி உன் முன்னாடி நான் அழணுமா? அதான் சொல்லல" என்றாள்.

"சரி."

"சிந்துல்ஃபோ அழுதாரா?"

"அழுதாரு. 'இவளும் அப்படிப் போயிட்டா நான் என்ன செய்வேன்'னு அழுதாரு."

என்னைக் கேட்டால் எந்த மனைவிக்கும் அது போதும். செஃபெரினாவுக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் அவள் சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"எனக்காக அழுறதுக்கு உங்களுக்கு அவ மடிதான் கிடைச்சுதா?"

"நான் சொன்னா நீ கேட்டிருப்பியா, செஃபி? ரெண்டு தடவ சொன்னேன். 'வில்ஃப்ரிதோ பேச்ச எடுக்காதீங்க'ன்னு கதவச் சாத்திட்ட" என்றார் அவர்.  அப்புறம் குளிர்ந்த தெரெரே மூலிகைத் தேநீர் இருந்த கொம்புக் குவளை இரண்டு பேர் கைக்கும் மாறி மாறிப் போவது தெரிந்தது.

அறுவை பத்து நாள் தள்ளிப்போனது. எதற்கும் கையில் இருக்கட்டும் என்று மிர்னா அந்த உடல் கொதிப்பை முறிக்கும் மாற்று மருந்து ஒன்றைத் தலைநகரிலிருந்து வரவழைத்தாள். முதுகில் ஊசியோடு மெல்லிய குழாய் ஒன்றையும் விட்டுவைப்பது, நேரம் நீண்டால் அதன் வழியே மருந்து சேர்ப்பது, அதுவும் போதாவிட்டால் வாயுவைத் தொடாமல் நரம்பு வழியாக மட்டும் தூங்க வைப்பது என்று முடிவாயிற்று. ஆக, செஃபெரினா பொறாமையில் பிடிவாதமாகக் கேட்ட அதே முதுகு ஊசிதான் அவளுக்குச் சரியானது என்று ஆகிவிட்டது. அதில் அவளுக்கு ஒரு சின்ன வெற்றிப் பெருமிதம் கூட இருந்தது.

அறுவை அறைக்குள் நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். காலை ஏழரை மணி. முதுகை வளைத்து உட்காரச் சொன்னார்கள். கால்கள் சூடாகி, கனத்து, பிறகு அவளுடையதாகவே இல்லாமல் போயின. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணி. தலைமாட்டில் ஸ்டூல் போட்டு மிர்னா. வயிற்றுக்குள் யாரோ பெட்டியைத் துழாவுகிற மாதிரி இருந்தது என்றாள். ஒன்றரை மணி நேரம் கண்ணைக் கொட்டாமல் மிர்னாவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மிர்னா இவளைப் பார்க்கவில்லை. திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தாள், தாடை பூட்டுகிறதா என்று இவள் முகவாயைத் தொட்டுப் பார்த்தாள், எழுதினாள்.

பிறகு கட்டி மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதாக அறுவை டாக்டர் சொன்னார். இழுத்தபோது தோள்பட்டை வரை வலி ஏறியது. குழாய் வழியே மருந்து சேர்த்தும் அடங்கவில்லை.

மிர்னா குனிந்தாள். "செஃபெரினா, இனிமே இதத் தாங்க வேண்டாம். நரம்புல மருந்து குடுத்துத் தூங்க வைக்கிறேன். வாயு கிடையாது. சரியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு இவள் கேட்டாளாம்: "நான் தூங்கினா வெளிய போய் அவர்கிட்ட பேசுவியா?"

அறுவை டாக்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மிர்னா சிரிக்கவில்லை.

"போக மாட்டேன். நீ கண் திறக்கிற வரைக்கும் இந்த ஸ்டூல விட்டு நான் எந்திரிக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போறதா இருந்தாக்கூட அடக்கிட்டு உட்காரணும். என் வேலையே அதுதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப தூங்க வை" என்றாள் செஃபெரினா.

நானும் சிந்துல்ஃபோவும் வெளியே பெஞ்சில் இருந்தோம். மூன்று மணி நேரம். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருகி நைந்துபோகச் செய்துவிட்டார். கடைசியில் வந்து, "நல்லபடியா முடிஞ்சது" என்று சொன்னவர் அறுவை டாக்டர். மிர்னா இன்னும் உள்ளேதான் இருந்தாள்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது மிர்னா ஒரு கடிதம் கொடுத்தாள். செஃபெரினாவுக்கும் அவள் ரத்த சொந்தங்களுக்கும் எந்தெந்த மயக்க மருந்து கூடாது என்ற பட்டியல். அவள் மகள் லிதுவீனா அதை எப்போதும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும், செஃபெரினாவின் பெரியப்பா பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்றாள். மிர்னாவின் கையெழுத்து தன் வீட்டு அலமாரியில் இருப்பதைப் பொறுக்க முடியாமல் செஃபெரினா படுக்கையில் கிடந்தபடியே, தையல் போட்ட வயிற்றின் மேல் பலகையை வைத்து, ஆறு நகல் தன் கையாலேயே எழுதினாள். டாக்டர் ஒப்பம் இல்லாத தாளை எந்த ஆஸ்பத்திரியும் மதிக்காது என்று நான் சொன்னேன். ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

தையல் ஆறியதும் அவளே ஆறு தாளையும் எடுத்துக்கொண்டு போய் மிர்னாவின் எதிரே உட்கார்ந்தாள். மிர்னா ஒவ்வொன்றாக வாசித்து, ஓர் இடத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தி, ஒப்பமிட்டாள். கடைசித் தாளில் முத்திரை குத்தும்போது கேட்டாள்.

"சிந்துல்ஃபோ எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு" என்றாள் செஃபெரினா. நன்றி என்றும் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன், என் காதால் கேட்டேன்.

வீடு வந்து சேரும்வரை ஆற்றங்கரை முழுக்க அதே புலம்பல்தான். "பாத்தியா, பாத்தியா? ஆறு தாள்ல கையெழுத்துப் போடுற வரைக்கும் அந்தக் கேள்விய அடக்கி வச்சிருந்தா பாரு. அவர் எப்படி இருந்தா இவளுக்கென்ன?"

அவள் கன்னத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. என்னைவிட வேகமாக நடந்தாள்.