மோர்மன் படம் முடியும்வரை

தேயிலை மலையூரான பிரிஞ்சாங்கில் மழை. பஸ் நிலைய பெஞ்சில் தூங்கிய இடுப்பு வலியோடு ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கியிருக்கிறேன். தொலைக்காட்சியில் மோர்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் வரலாறு பற்றிய ஆவணப்படம் ஓடுகிறது. தாடிக்காரர் ஒருவர் முன்னால் நடக்க, நான்கு மனைவிகள் பின்னால் வருகிறார்கள்.

எதிரே தேயிலைத் தோட்டத்துத் தம்பதி. கொழுந்து லோரி ஓட்டும் முனியாண்டி மோர்மன் சபையில் சேர்ந்தவர். சபைக் கட்டுப்பாட்டால் தேநீரைத் தொடாமல் மைலோ என்ற சாக்லேட் பானம் குடிக்கிறார். வரும் ஞாயிறு மனைவி லெட்சுமிக்கும் ஞானஸ்நானமாம்.

“தே குடிக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னீங்க. இத ஏன் சொல்லல?” என்கிறார் லெட்சுமி.

“அது பழைய கத லா. எப்பவோ நிறுத்திட்டாங்க.”

“டிவிக்காரன் சொல்லலையே?”

“கடைசியில சொல்வான். நாலு பேர வச்சு நான் என்னா செய்ய? உன் ஒருத்தி வாய்க்கே பதில் இல்ல.”

கடைக்காரர் சிரிக்கிறார். லெட்சுமி சிரிக்கவில்லை.

படத்தின் நடுவே விளம்பரம் வருகிறது. வெளியே தோட்டத்து வேன் ஹாரன் அடிக்கிறது. அதை விட்டால் மழையில் மலையேறி நடக்க வேண்டும்.

“நீங்க போங்க. நான் கடைசிவரைக்கும் பாத்துட்டு வரேன்,” என்கிறார் லெட்சுமி.

முனியாண்டி வெளியே ஓடி வேனைப் போகச் சொல்கிறார். நனைந்தபடி திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்கிறார். விளம்பரம் இன்னும் முடியவில்லை.