நூறு காயும் நகைத் தராசும்

1. ஈரம்

"என்னண்ணே, ஏலத்துல சாம்பிளக் கையில எடுத்தவென் அப்பிடியே கீழ வச்சிட்டான். காயி ஈரம்ங்கிறான்."

போடியிலிருந்து முதலாளி போனில் பேசினார். நான் மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், டிரையர் கதவின் தாழ்ப்பாளை மூன்றாவது தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த லாட்டு மொதலாளி?"

"கடைசியா அனுப்புன ரெண்டுந்தேன். ஒங்க கையிலயா இப்பிடின்னு கேக்குறாங்க."

ஏலக்காய் ஸ்டோரில் எனக்கு அது இருபத்தொன்பதாவது வருஷம். ஈரம் என்ற சொல்லை என் காய்க்கு யாரும் சொன்னதில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பறித்த பச்சைக்காயைக் கழுவி, தட்டுகளில் பரப்பி, சாயங்காலம் டிரையரில் ஏற்றுவோம். எங்கள் டிரையரில் நாற்பத்தெட்டுத் தட்டு. மறுநாள் மதியத்தை ஒட்டிக் காய்ந்துவிடும். ஆனால் பதினொன்றரைக்கா, ஒன்றேகாலுக்கா என்பது தினமும் மாறும். முந்தி இறக்கினால் ஈரம், பிந்தினால் வெடித்து நிறம் போகும். சரியான நேரம் தெரிய ஒரு பிடி காயை எடுத்துக் காதோரம் குலுக்குவோம். உள்ளே விதை தோலை விட்டிருந்தால் சலசலவென்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அத்தனை வருஷமும் இறக்கினேன்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. இரண்டு வருஷமாக அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காது பாதி. நிறத்தைப் பார்த்தும் விரலால் அழுத்தியும் குத்துமதிப்பாக இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமும் காய் நன்றாகவே வந்தது. அதனால் சமாளித்துவிட்டேன் என்று நம்பினேன்.

தெரிந்தால் வேலை போய்விடும். அறுபத்தாறு வயதில் போடி வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருக்க எனக்குச் சம்மதமில்லை. மொத்தம் ஒன்பது கம்பி. எண்ணி முடித்தாயிற்று.

2. பதினான்கு பக்கம்

முதலாளி திட்டவில்லை. ஏலக்காய் உலர்த்துகிறவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி ஒன்று நடந்தது. அதற்கு அனுப்பினார். பாடம் எடுத்தது ஒரு இளம் அதிகாரி அம்மா.

"ஐயா, குலுக்கிப் பார்க்கிறதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். எடை மாறாது. மணிக்கொரு தடவை ஒரு தட்டை எடுத்து எடை போடுங்க. அஞ்சு கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ ஆனா இறக்கிருங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காதே தேவைப்படாத முறை! பதினான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் அப்படியே செய்தேன். தப்பு அங்கேதான். மணிக்கொரு தடவை கதவைத் திறந்ததில் சூடு ஆறு ஏழு டிகிரி இறங்கியது. தட்டைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்றைய காய் நன்றாக முற்றிய காய். எடை ஐந்தில் ஒன்றாகக் குறைவதற்கு முன்பே அது காய்ந்துவிடும். நான் ஐந்தில் ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன்.

முதலாளி ஜீப்பில் ஏறி வந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"வெடிச்சுப் போச்சேண்ணே."

அள்ளியதைத் தட்டிலேயே திரும்பக் கொட்டினார்.

"ஈரம் ரெண்டு, இது மூணு. அடுத்த லாட்டும் இப்பிடின்னா நீங்க கீழ எறங்கி ரெஸ்ட் எடுங்க. நான் கோவமாச் சொல்லலண்ணே."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

பதினான்கு பக்கத்தையும் மறுபடி எடுத்துவைத்தேன். அந்த அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கு இருந்தது சின்ன டிரையர், தட்டுத் தூக்க ஆள், நல்ல இடுப்பு. எனக்கு இருந்தது எண்ணுகிற பழக்கம் ஒன்றுதான். அதற்கு ஏற்றபடி மாற்றினேன். தட்டு வேண்டாம், நூறு காய் போதும். அவற்றை எண்ணி, பூண்டு வரும் வலைப்பையில் போட்டு, டிரையரின் பக்கவாட்டுச் சின்னக் கதவுக்குள் கயிற்றில் தொங்கவிட்டேன். பெரிய கதவைத் திறக்க வேண்டியதில்லை. பையை உருவி எடை போட, நகைக்கடையில் வைத்திருக்கிற மாதிரிச் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினேன். கிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். பயிற்சியில் மணிக்கொரு தடவை என்றார்கள். என் மனது அதுவரை பொறுக்காது, அரைமணிக்கொரு தடவை போட்டேன்.

ஒன்றுதான் பிடிபடவில்லை. ஐந்தில் ஒன்று இல்லையென்றால், எங்கே நிறுத்துவது?

3. பேச்சியம்மா

தட்டு ஏற்றி இறக்குகிறவள் பேச்சியம்மா. ராசிங்காபுரத்துக்காரி. மகள் பிரசவத்துக்காக இருபத்திரண்டு நாள் லீவில் இருந்தவள், அன்று காலைதான் திரும்பி வந்திருந்தாள்.

மதியம் பன்னிரண்டரை. நான் தராசில் கண்ணாக இருந்தேன். முந்தைய அரைமணியில் ஒன்றரைக் கிராம் குறைந்திருந்தது. இந்த அரைமணியில் அரைக் கிராம்கூடக் குறையவில்லை. எடை கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

"அண்ணே, எறக்கிருவமா?"

எப்போதும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. டைரியை எடுத்தேன். இறக்கிய நேரம், ஆள் வருகை எல்லாம் அதில் உண்டு. ஈரம் போன லாட்டு இரண்டும் அவள் லீவில் இருந்தபோது இறக்கியவை.

"பேச்சி, தினமும் நீதான் எறக்கலாமான்னு கேப்பியோ?"

"ஆமாண்ணே."

"எத வச்சுக் கேப்ப?"

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "குலுக்கிப் பாத்துட்டுத்தேன்."

"அப்ப ஒனக்கு..."

"ஒங்களுக்குக் காது கேக்கலன்னு ரெண்டு வருசமாத் தெரியும்ணே. பின்னால ஜீப்புக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே வாறான், நீங்க நடு ரோட்டுல ஏலச்செடிய எண்ணிக்கிட்டே போறீக!"

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா மொகம் சுருங்கிப்போயிரும். மனுசன் ராத்திரி சோறு திங்க மாட்டாரு. எறக்கலாமான்னு கேட்டா என்ன கொறஞ்சா போயிரும்? நீங்க சரின்னுதான சொல்லுவீக."

நான் ஸ்டோருக்குப் பின்னால் போனேன். இரண்டு வருஷம் நான் சமாளித்ததாக நினைத்த ஒவ்வொரு நாளும் இவள் வந்து கேட்டிருக்கிறாள். எத்தனை தடவை என்று கணக்குப் போட ஆரம்பித்து, முடியாமல் விட்டேன்.

திரும்பி வந்து, காயை இறக்கியதும் சொன்னேன். "எனக்குக் காது கேக்கல பேச்சி. நீ குலுக்கிப் பாரு, நான் எடை பாக்குறேன். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க வேண்டாம். நேரத்த மட்டும் குறிப்போம்."

பதினொரு நாள் அப்படிச் செய்தோம். அரைமணியில் அரைக் கிராமுக்குக் குறைவாக எடை இறங்கினால் காயை இறக்கலாம் என்று, அன்று பார்த்ததை வைத்து நான் போட்ட கணக்கும் அவள் காதும் ஒன்பது நாள் ஒத்துப்போயின. மழையில் பறித்த காய் ஏற்றிய இரண்டு நாள் மட்டும் அவள் முந்திவிட்டாள். விதை சலசலத்தது, காம்பு ஓரம் காயவில்லை.

"போங்கண்ணே, ஒரு பூண்டுப் பையிட்டத் தோத்துப்போனேன்," என்று சிரித்தாள்.

அந்த லாட்டு போடிக்குப் போனது. ஈரமும் இல்லை, வெடிப்பும் இல்லை. முதலாளி போன் செய்ததும், அவர் கேட்காமலே என் காதைப் பற்றியும் பேச்சியைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

"நல்லா இருக்கே! இத்தன நாளா போன்ல நான் தொண்டை கிழியக் கத்துறது எதுக்குன்னு நெனச்சீங்க? ஸ்டோர நீங்களே பாத்துக்கங்கண்ணே."

4. குரங்கணிக்காரர்

அந்த முறை பிறகு வெளியே தெரிந்துவிட்டது. ஒருநாள் குரங்கணிப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்டோர்காரர் வந்தார். என் வயது இருக்கும். வலைப்பை, தராசு, டைரி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். இப்படியே செய்யப்போவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். பயிற்சியில் சொன்னதை அப்படியே செய்து நான் ஒரு லாட்டை வெடிக்கவிட்ட கதையைச் சொன்னேன்.

"இதுல எது ஒங்களுக்கு வராது? அத மொதல்லச் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்து வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"எனக்குக் காது கேக்காது. சத்தமாச் சொல்லுங்க," என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எழுத்துத் தெரியாது. நம்பரும் தெரியாது. வாயால எண்ணத்தான் தெரியும்," என்றார். ஸ்டோர் முழுக்கக் கேட்டிருக்கும்.

"எண்ணத் தெரியுமில்ல? போதும்."

அவருக்கு எலக்ட்ரானிக் தராசு கூடாது. இரண்டு தட்டு உள்ள பழைய நகைத் தராசுதான் சரி என்று முடிவு செய்தோம். ஒரு தட்டில் காய்ப் பை, மறு தட்டில் சின்னக் கற்களும் அரிசியும் சமமாக. அரைமணி கழித்து மறுபடி சமமாக்க எத்தனை அரிசி எடுக்க வேண்டியிருக்கிறது என்று எண்ண வேண்டும். அரைக் கிராமுக்கு எத்தனை அரிசி என்று எங்கள் தராசில் நிறுத்துப் பார்த்தோம். பேச்சி அரிசி போட்டாள், அவர் எண்ணினார், நான் இன்னொரு தடவை எண்ணினேன். இருபத்தைந்து. அதற்குக் குறைவாக எடுத்தாலே சமமாகிவிட்டால் காயை இறக்கலாம்.

பயிற்சியில் கற்பது நல்லதுதான், போய்க் கற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வந்து அதை நம் உடம்புக்கும் நம் ஸ்டோருக்கும் தைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அளவு எடுக்கும்போது, நம்மிடம் இல்லாததையும் சேர்த்து அளக்க வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டு வருஷமும் மூன்று லாட்டும் ஆயின. குரங்கணிக்காரர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.