கேட்கக் கூடாத கேள்வி

மூடநம்பிக்கைகளைக் கேலி செய்து மேடையில் கைதட்டு வாங்குகிறவன் நான். ஆனாலும் வெளியே கிளம்புகிறவரிடம் “எங்கே போறே?” என்று மட்டும் கேட்க மாட்டேன். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று சின்ன வயதில் மண்டையில் ஏறியது இன்னும் இறங்கவில்லை.

கல்லூரிப் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த லேனா, டவுணில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு ஞாயிறு காலை பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போய்விட்டாள்.

மதியச் சோறு ஆறியது. கூப்பிட்டால், அவள் போன் மாடி அறையிலேயே அடித்தது. ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது என்று யாரோ சொன்னதும் குறுக்குத்துறைப் படித்துறைக்கு ஓடினேன். கரையில் நின்றவரிடம் கேட்டேன்.

“வெள்ளைக்காரப் பிள்ளை ஒண்ணு இங்கன வந்துச்சா?”

“எங்க போறேன்னு சொல்லிச்சு, அண்ணாச்சி?”

“நான் கேக்கலியே.”

“வீட்டுல வச்சிருக்கிய, கேக்கலியா?”

அவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

பொழுது சாயும்போது, நான் தேடிக்கொண்டு போய் நின்ற பஸ் நிறுத்தத்தில், அம்பாசமுத்திரம் பஸ்ஸிலிருந்து ஈரத் தலையோடு இறங்கினாள். மணிமுத்தாறு அருவிக்குப் போயிருந்தாளாம். “சொல்லத்தான் வாசலில் நின்றேன். நீங்கள் கேட்கவில்லை. என்மேல் அக்கறை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்” என்றாள் ஆங்கிலத்தில்.

அக்கறையை அத்தனை பத்திரமாக ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அவளுக்குச் சகுன சாஸ்திரத்தை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி குறுக்கே வந்தாள்.

“எங்க போறேன்னுதான கேக்கக் கூடாது? எப்ப வருவேன்னு கேக்கலாம்லா! இதுக்கா இத்தன புஸ்தகம் படிச்சிய?”