கண்ணாடி துடைத்த துண்டு

சுயம்புராஜின் ஆயுசில் பாதி துடைத்தே போயிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், சவுதியில் ஒன்பது வருஷம் கார் துடைத்தார். ஊருக்கு வந்தபின் ஈத்தாமொழிக்குத் தெற்கே, தன் தெருவிலுள்ள அய்யாவழி வழிபாட்டிடமான நிழல்தாங்கலில் கண்ணாடி துடைக்கும் பணிவிடை கிடைத்தது. அய்யாவழியில் சிலை கிடையாது. விளக்குக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. அதில் தன் முகத்தைப் பார்த்தபடி நின்று கும்பிட வேண்டும். அதில் விரல் பட்ட தடம்கூட இருக்கக்கூடாது என்று தினமும் விடிகாலை வெள்ளைத் துண்டால் துடைப்பார். நெற்றியில் நாமம் இடும் வெள்ளை மண் அந்தத் துண்டில் எப்போதும் ஒட்டியிருக்கும். அதை அவர் அழுக்காக நினைத்ததே இல்லை. அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோணம் தொழிற்பேட்டையிலுள்ள பட்டறைக்குப் பஸ் ஏறுவார்.

ஸ்கூட்டர் கைப்பிடி ரப்பர் வார்க்கும் எஃகு அச்சுகள் செய்கிற பட்டறை அது. கை வழுக்காமல் இருக்க, அச்சின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆயிரக்கணக்கான சதுரக் குழிகளை லேசர் போடும். லேசர் ஒளி இயல்பில் வட்டம். நடுவில் சூடு கூடுதல், ஓரத்தில் குறைவு. அப்படியே விட்டால் குழி கிண்ணம்போல விழும். ஒளி போகும் வழியில் ஒரு சின்னக் கண்ணாடி வில்லை வைத்தால் ஒளி சதுரமாகி, சூடு எங்கும் ஒரேபோலப் பரவும், குழியின் அடி தட்டையாகும். அதைக் கணக்காகப் பொருத்துகிறவள் ஜினிஷா, இருபத்தாறு வயது. சுயம்புராஜுக்கு எஃகுத் தகடுகளை ஏற்றி இறக்கும் வேலை.

ஒரு புதன்கிழமை அவள் அந்தக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஃபோன் பேச வெளியே போனாள். அதில் லேசாக ஒரு மங்கல். சுயம்புராஜின் கை சும்மா இருக்கவில்லை. ஊதி, துண்டின் நுனியால் பக்தியோடு துடைத்து வைத்தார். அவள் வந்து பொருத்தினாள்.

வெள்ளிக்கிழமை அச்சு வாங்கிய கம்பெனியிலிருந்து குழிகளைப் பெரிதாக்கி எடுத்த படம் வந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு மூலை விழவில்லை. ஜினிஷா கண்ணாடியைக் கழற்றினாள். கடுகளவு கருகல்.

முதலாளி அனிஷ் எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னார்: "உன்ன நம்பித்தானே குடுத்தேன்? திங்கக்கிழம முதல் லேசர வேற ஆளு பாப்பான். நீ பாக்கிங்ல இரி."

தோளில் துண்டோடு சுயம்புராஜ் நான்கடி தள்ளி நின்றார். தான் துடைத்ததைச் சொல்ல வாயெடுத்தார். பிறகு தகடு எடுக்கத் திரும்பிவிட்டார்.

ஞாயிறு உச்சிப்படிப்பு என்ற நண்பகல் வழிபாட்டுக்கு முன் தாங்கல் கண்ணாடியை மறுபடி துடைக்கும்போது சட்டத்தை மட்டும் பார்த்துத் துடைத்தார். படிப்பு முடியும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. "மண்ட வலியா அண்ணே?" என்று பக்கத்து ஆள் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினார். அதுவும் ஒரு பொய்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே போனார். ஜினிஷா தன் நோட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளே, அந்தக் கண்ணாடிய நானாக்கும் தொடச்சேன். இந்தத் துண்டு வச்சி."

"தெரியும் மாமா."

"தெரியுமா?"

"மைக்ரோஸ்கோப்புல வெள்ளப் பொடி கெடந்து. நீங்க நெத்தியில இடுத மண்ணுதானே. அது ஒட்டுன எடத்துலதான் சூடு பிடிச்சி கருகியிருக்கு."

"பின்ன ஏன் சாருட்ட சொல்லல்ல?"

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். "உங்க சாமி காரியம். நாலுபேர் முன்னால எடுத்துச் சொல்ல எனக்கு ஒருமாதிரி இருந்து."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நேரே அனிஷின் அறைக்குப் போய், உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"அத தொடைக்கதுக்குத் தனி பேப்பரு உண்டு, தெரியாதா அண்ணாச்சி?"

"தெரியாது சார். கேக்கவும் இல்ல."

"செரி, அது தெரியாம செஞ்சது. வெள்ளிக்கிழம நான் அந்தப் பிள்ளைய ஏசும்போ நீரு அங்கனதானே நின்னீரு?"

"நின்னேன்."

அனிஷ் வெளியே வந்து ஜினிஷாவிடம், பாக்கிங்குக்குப் போகாமல் லேசரில் புதுக் கண்ணாடி மாட்டச் சொன்னார். அவளிடம் மன்னிப்பு என்று கேட்கவில்லை. குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

சுயம்புராஜ் துண்டை மடித்து, வெளியே ஜன்னல் கம்பியில் போட்டார். குழாயடியில் இரண்டு தரம் கை கழுவினார்.

"மாமா, தகடு வையுங்க," என்று உள்ளிருந்து ஜினிஷா கூப்பிட்டாள், எல்லா நாளும் கூப்பிடுவதுபோல.

தீட்டி மெருகேற்றிய தகடு, முகம் பார்க்கலாம்போல மின்னியது. அவர் அதில் தன் முகத்தைப் பார்க்காமலே தூக்கி வைத்தார்.